விளக்கு ஏன் முனகுகிறது?

அறைக்குள் செடி வளர்ப்போர் பலருக்கும் பழக்கமான ஓர் ஓசை உண்டு. விளக்கைப் போட்டதும் 'உம்ம்ம்' என்று எழும்பி, அணைக்கும் வரை ஓயாத முனகல் அது. பகலின் ஆரவாரத்தில் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. மாலைப் படிப்பு நேரத்தின் அமைதி வந்ததும், தேனீக் கூட்டமொன்று சுவருக்குள் குடியேறிவிட்டதோ என்று ஐயுறும்படி அது செவியில் வந்து அமர்ந்துகொள்கிறது. இவ்வோசை எங்கே பிறக்கிறது? இதனால் செடிக்கோ நமக்கோ தீங்கு உண்டா? எந்த ஓசையைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த ஓசையைக் கேட்டதும் மெயின் சுவிட்சை நோக்கி விரைய வேண்டும்? தோழியரே, இவற்றைச் சற்று ஆராய்வோம்.

கதிரவன் இத்தனை தாராளமாய் ஒளிவீசும் நம் நாட்டில் விளக்கின் அடியில் செடி வளர்ப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை அறியாதார் யார்? தோட்டத்துக்கு வருமுன் அவை கண்ணாடிக் குடுவைக்குள், ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் காக்கப்படும் அறையில், நாளொன்றுக்கு 16 மணி நேரம் செயற்கை ஒளியில் வளர்ந்தவை. வெயிலில் அவ்வளவு சீரான ஒளியும் வெப்பமும் கிட்டுவதில்லை. எங்கள் அறிவியல் மன்றம் வளர்ப்பவை அத்தகைய அரும்பொருள்கள் அல்ல. தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் உள்ளறையில், நான்கு தட்டுகள் கொண்ட ஓர் இரும்பு அடுக்கில் பெரணி வகைகளும், ஆப்பிரிக்க வயலட் பூச்செடிகளும், தக்காளி நாற்றுகளும் உள்ளன. தட்டுக்கு இரண்டாக, நான்கடி நீளமும் 36 வாட் திறனும் உள்ள எட்டுக் குழல்விளக்குகளை மாட்டியிருந்தோம். எட்டுக் குழல்களுக்கு எட்டுச் 'சோக்கு'கள். முனகலின் பிறப்பிடம் இந்தச் சோக்குதான்.

சோக்கு எதற்கு? குழல்விளக்கின் உள்ளே சிறிதளவு பாதரச ஆவி உள்ளது. அதன் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்கிவிட்டால், பாயப் பாய அதன் தடை குறைந்துகொண்டே போகும். தடை குறைய ஓட்டம் பெருகும். ஓட்டம் பெருகத் தடை இன்னும் குறையும். தடுப்பார் இல்லையேல் ஒரு கணத்தில் குழல் பாழாகிவிடும். மதகு இல்லாத வாய்க்காலின் கதைதான் அது. அந்த மதகாக நின்று மின்னோட்டத்தை அளவோடு விடுவதே சோக்கின் வேலை. மெல்லிய இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி அதனை அமைக்கிறார்கள். ஒரே கட்டியான இரும்பாக வைத்தால், அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து இரும்பே கொதித்துப்போகும். ஆதலால்தான் ஒவ்வொரு தகட்டுக்கும் வார்னிஷ் பூசித் தனித்தனியே அடுக்குகிறார்கள். முனகலின் வித்தும் இந்த அடுக்கிலேயே இருக்கிறது.

இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் மிக மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. இதனை 1842-ஆம் ஆண்டிலேயே ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் கூறும் பாடத்தில் நாம் சந்திக்கும் அதே ஜூல்தான். நம் வீட்டு மின்சாரம் ஒரு விநாடியில் 50 முறை அலையெழுப்புகிறது. ஒவ்வோர் அலையிலும் மின்னோட்டம் ஒரு திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் உச்சத்தை எட்டுகிறது. எத்திசையில் காந்தமேறினாலும் இரும்புக்கு ஒன்றுதான். எனவே அது விநாடிக்கு 100 முறை அசைகிறது; தகடுகளுக்கு இடையே எழும் காந்த இழுப்பும் 100 முறை கூடிக் குறைகிறது. முனகலின் அடிச் சுரம் 100 ஹெர்ட்ஸ் ஆவதன் காரணம் இதுவே.

பியானோ இருப்பவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். நடு 'சி' கட்டையிலிருந்து இடப்புறமாக வந்தால், இரண்டாவதாக எதிர்ப்படும் 'ஜி'யின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். அதை அழுத்திவிட்டுச் சோக்கின் அருகே செவிகொடுங்கள். ஏறக்குறைய இரண்டும் ஒன்றேபோல் ஒலிக்கும். எங்களுள் இசை பயிலும் இருவர் இவ்வாறுதான் ஓசையை இனங்கண்டனர். மின்சாரம் விநாடிக்கு 60 அலைகளாக வரும் அமெரிக்காவில் அதே முனகல் சற்று உயர்ந்த சுரத்தில், 120 ஹெர்ட்ஸில் கேட்கும்.

நல்ல சோக்கு முனகாதா என்றால், முனகும்; ஆனால் மெல்ல முனகும். தகடுகள் இறுகப் பிணைந்து, இடைவெளிகளில் வார்னிஷோ பிசினோ நிறைந்திருக்கும் வரை அசைவுக்கு இடமில்லை. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் ஆறியும் வார்னிஷ் வறண்டு உதிர்ந்தபின், தகடுகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. அப்போது மென்மையான 'உம்ம்' என்பது கரகரப்பான 'ஜ்ர்ர்ர்' ஆகிறது. இந்நிலைக்கு வந்த சோக்கை இறுக்கிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. மாற்றிவிடுவதே சிக்கனம்.

ஆயினும் எல்லா இரைச்சலுக்கும் சோக்கைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. இயற்பியல் வகுப்பில் இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் ஓசை அரிதாகவே கேட்கும். அதன் காம்பை மேசையில் ஊன்றியதும் மேசை முழுதும் பாடுகிறதல்லவா? சோக்கு ஓர் இசைக்கவை என்றால், அதனைத் தாங்கும் தகரப் பட்டியும் பட்டியைத் தாங்கும் இரும்பு அடுக்கும் மேசையாகும். வீணைக்குக் குடம் செய்யும் உதவியை இவை வேண்டாத இடத்தில் செய்கின்றன. திருகாணி தளர்ந்த பட்டி, சரியாக மூடாத தகர மூடி, அடுக்கின்மேல் யாரோ வைத்துப்போன காலித் தட்டு ஆகிய இவை போதும், சிறு முனகலைப் பேரிரைச்சலாக்க.

ஆகவே ஆய்வை எங்கே தொடங்குவது? செவியில்தான். எங்கள் முறை எளியது. முதலில் அறையிலுள்ள மின்விசிறி முதலானவற்றை நிறுத்தினோம். எட்டு விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்து, எதை அணைக்கும்போது ஓசை தாழ்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டோம். வரைபடத்தாளைக் குழல்போல் சுருட்டி, ஒரு முனையைச் செவியில் வைத்து, மறுமுனையைப் பட்டியைத் தொடாமல் அதன் நெடுகிலும் நகர்த்திப் பார்த்தோம். மருத்துவரின் குழாய்க்கு இந்தக் காகிதக் குழல் சளைத்ததன்று! எட்டில் இரண்டே பட்டிகள் அந்த இரைச்சலின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. பட்டியைத் திறப்பதோ கம்பியைத் தொடுவதோ மாணவியர் செய்யத்தக்கதன்று. மின்சாரத்தை அறவே துண்டித்துவிட்டு மின் பணியாளர் செய்யவேண்டிய வேலை அது. கேட்பதற்கு மட்டும் எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

ஓசை எப்படி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விசையை அணைத்த கணமே சட்டென்று நின்றால் அது சோக்கு போன்ற மின்பொருளின் ஓசை. மெல்ல மெல்லத் தாழ்ந்து அடங்கினால், அது சுழலும் விசிறியின் ஓசை. விளக்கை அணைத்தபிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால், நேரம் குறித்து விளக்கைப் போட்டு அணைக்கும் டைமரின் சிறு மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

நாங்கள் கண்ட அந்த இரண்டு பட்டிகளில் ஒன்றின் திருகாணிகள் தளர்ந்திருந்தன. மற்றொன்றின் கதை சுவையானது. அதில் புதுச் சோக்கு மாட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. எனினும் எல்லாவற்றினும் உரக்க இரைந்தது. மின் பணியாளர் வந்து பார்த்துவிட்டு, "சத்தம் சோக்குலதான் வருதும்மா, ஆனா கோளாறு டியூப்புல இருக்கு" என்றார். குழலின் ஒரு முனை கருத்திருந்தது. புதுக் குழலை மாட்டியதும் இரைச்சல் பாதிக்குமேல் அடங்கிவிட்டது! இதன் காரணம் அறியத்தக்கது. குழலின் இரு முனைகளிலும் உள்ள மின்னிழைகளில் எலெக்ட்ரான்களை உமிழும் ஒரு பூச்சு உண்டு. குழல் முதுமையடைகையில் அப்பூச்சு ஒரு முனையில் முதலில் தீர்ந்துபோகிறது. அதன்பின் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்கிறது. சோக்கின் இரும்பு ஒருபக்கமாகவே காந்தமேறித் தெவிட்டி நிற்க, ஓட்டம் அளவை மீறுகிறது. சோக்கு சூடேறி இரைகிறது. கிழக் குழலை அப்படியே விட்டுவைத்தால் நல்ல சோக்கும் கெட்டுப்போகும்.

ஸ்டார்ட்டரும் இவ்வாறு பழியைச் சோக்கின்மேல் போட வல்லது. குழலின் இரு முனைகள் மட்டும் செம்மஞ்சளாய் ஒளிர, நடுப்பகுதி இருண்டிருந்து, சோக்கு இரைந்துகொண்டிருந்தால், ஸ்டார்ட்டரின் உட்பகுதி ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது என்று பொருள். அந்நிலையில் வழக்கத்தினும் மிகுதியான மின்னோட்டம் சோக்கின் வழியே ஓடுகிறது. உடனே அணைத்துவிட வேண்டும். சில ரூபாய் பெறும் ஸ்டார்ட்டரை முதலில் மாற்றிப் பார்ப்பது, சோக்குக்குப் பணம் செலவிடுவதினும் மேலன்றோ?

தளர்ந்த பட்டிகளுக்கு வைத்தியம் செய்ய அதிகச் செலவில்லை. பழைய சைக்கிள் டியூபை வட்டங்களாக வெட்டி, பட்டிக்கும் இரும்பு அடுக்குக்கும் இடையே வாஷராகக் கொடுத்துத் திருகாணிகளை இறுக்கினார் மின் பணியாளர். அதிர்வு பட்டியோடு நின்றுவிட்டது. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ரப்பரைப் பட்டிக்கும் அடுக்குக்கும் இடையில்தான் வைக்க வேண்டும். சோக்கைத் துணியாலோ பஞ்சாலோ தெர்மோகோலாலோ பொதிந்து ஓசையை அடக்க நினைப்பது நெருப்பை மடியில் கட்டுவதற்கு ஒப்பாகும். சோக்கின் வெப்பம் தகரப் பட்டியின் வழியாகத்தான் வெளியேறுகிறது. பல சோக்குகளின்மேல் 'டி.டபிள்யூ. 130' என அச்சிட்டிருப்பதைக் காணலாம். உட்சுருள் தொடர்ந்து தாங்கவல்ல வெப்பம் 130 டிகிரி செல்சியஸ் என்பது அதன் பொருள். கொதிநீரினும் மிகுந்த வெப்பம் என்பதை நினைவிற் கொள்க. மற்றொன்று, ரப்பர் வாஷர் இடைப்பட்டபின் பட்டிக்கும் அடுக்குக்கும் மின்தொடர்பு அற்றுப்போகக்கூடும். ஒவ்வொரு பட்டிக்கும் தனியே எர்த் கம்பி சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. நாள்தோறும் நீர் தெளிக்கும் இடம் அல்லவா அது?

இவ்வளவும் ஆனபின் உள்ளறை அமைதியாயிற்று. ஆனால் அடுத்த அறையில் ஒருத்திக்கு மட்டும் அமைதி கிட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எங்கள் தோழி அவள். செவித்துணைக் கருவி அணிபவள். பதிவுசெய்த ஆங்கிலப் பாடங்களைக் கழுத்தில் ஒரு கம்பி வளையம் மாட்டிக்கொண்டு கேட்பது அவள் வழக்கம். அவ்வளையத்தில் பாடத்தின் ஒலி காந்தப்புலமாக மாறுகிறது. செவித்துணைக் கருவிக்குள் இருக்கும் நுண்ணிய சுருள் அந்தப் புலத்தைப் பற்றி மீண்டும் ஒலியாக்கித் தருகிறது. சுவரோரம் அமர்ந்தால் பாடத்துக்குமேல் 'உர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் கேட்பதாக அவள் சொன்னாள். எங்கள் செவிக்கோ ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி! இரைச்சல் அவளுடைய கருவியின் கோளாறு என்றே சிலர் முடிவுகட்டினர். அவள் விடவில்லை. விளக்குகள் எரியும் நேரத்திலும் எரியாத நேரத்திலும் மாறி மாறி அமர்ந்து கேட்டு, விளக்கு எரியும்போது மட்டுமே இரைச்சல் உண்டு என்று எங்களுக்கே எடுத்துக்காட்டினாள்.

அவள் கேட்டது ஒலியன்று. சோக்கின் காந்தப்புலத்தையே நேராகக் கேட்டாள். கருவியிலுள்ள சுருளுக்கு வளையத்தின் புலம் எது, சோக்கின் புலம் எது என்று பிரித்தறியத் தெரியாது. ரப்பர் வாஷர் அதிர்வைத் தடுக்கும், காந்தத்தைத் தடுக்காது. செங்கற் சுவரும் தடுக்காது. ஆனால் தூரம் தடுக்கும். சிறிய சுருள் ஒன்றின் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குன்றுகிறது. தொலைவு இருமடங்கானால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நான்கு மடங்கானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. பொதுச் சுவரை ஒட்டி நின்ற அடுக்கை அறையின் எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். நால்வர் கூடித் தள்ளக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே பாடம் தெளிவாகக் கேட்கிறது என்றாள். செவித்துணைக் கருவி அணியும் முதியோர் வீட்டில் இருப்பின், பெற்றோர் இதனை நினைவிற் கொள்வது நன்று. அவர்கள் 'இரைகிறது' என்றால், நமக்குக் கேட்கவில்லை என்பது அதற்கு மறுப்பாகாது.

எலெக்ட்ரானிக் சோக்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளாக மாற்றிக் குழலுக்குத் தருகின்றன. மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸோடு முடிவதால் நமக்கு ஓசையில்லை. நாய்க்கும் பூனைக்கும் அந்த எல்லை இன்னும் உயர்ந்தது. விளக்கடியில் பூனை செவியை மடக்கிக்கொண்டு விலகினால் வியப்பதற்கில்லை.

நெதர்லாந்து போன்ற குளிர்நாட்டுக் கண்ணாடித் தோட்டங்களில் 600 வாட், 1000 வாட் சோடிய ஆவி விளக்குகளைத் தொங்கவிட்டு வளர்த்தார்கள், இப்போது எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. சோடிய விளக்கின் சோக்கு செங்கல் போல் கனமானது. அதன் முனகலும் அதற்கேற்பப் பெரிது. அத்துடன் 'இக்னிட்டர்' என்னும் ஓர் உறுப்பு, விளக்கை ஏற்றிவைக்கச் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை அனுப்பும். விளக்கு எரியாமல் 'கிர்கிர்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், இக்னிட்டர் பயனின்றி முயன்றுகொண்டிருக்கிறது எனலாம். நம் வீடுகளில் அவ்விளக்குக்குத் தேவையில்லை. எவரேனும் வைத்திருந்தால், அணைத்தபிறகும் அதன் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்கில் சோக்கு இல்லையே, அது ஏன் ஓசையிடுகிறது என்று ஒரு தாயார் வினவினார். பெரும்பாலும் அதன் வெப்பத்தைப் போக்கும் சிறு விசிறியே காரணம். தூசியும் ஈரமும் சேர்ந்து விசிறியின் அச்சு கரகரக்கும். விசிறியே இல்லாத விளக்கும் ரீங்கரித்தால், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை முழு ஒளிக்குத் திருப்பிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றம் ரெகுலேட்டருடையது. அது மின்அலையின் ஒரு பகுதியை வெட்டியெறிவதால், ஒவ்வோர் அலையிலும் மின்னழுத்தம் படிப்படியாக ஏறாமல் திடீரென்று தாவுகிறது. அந்தத் தாவலில் விளக்கினுள் உள்ள சுருள்கள் அதிர்கின்றன. அந்த விளக்கோடு ஒத்துப்போகும் ரெகுலேட்டரை வாங்க வேண்டும், அல்லது ரெகுலேட்டரை விட்டுவிட்டு விளக்கைச் சற்று உயரத்தில் கட்ட வேண்டும். செடிக்கு இரண்டும் ஒன்றே.

இதுவரை கூறிய முனகல்கள் யாவும் தொல்லையே அன்றி ஆபத்தல்ல. ஆபத்தின் ஓசை வேறு. அது சீராக ஒலிப்பதில்லை. 'சட்... சடசட' என்று விட்டு விட்டு வரும்; எண்ணெய்ச் சட்டியில் நீர்த்துளி விழுந்தாற்போல் பொரியும். ஈரத்தால் துருப்பிடித்த ஹோல்டரிலோ, தளர்ந்த கம்பி முனையிலோ மின்பொறி தாவுகிறது என்பது அதன் பொருள். அதனோடு வார்னிஷ் கருகும் நாற்றமோ, பட்டியின் அடியில் தார்போல் கசிவோ, வெண்பூச்சில் பழுப்புக் கறையோ தென்பட்டால், பொறுத்திருந்து ஆராய்வதற்கு நேரமில்லை. பட்டியைத் தொடாமல், பலகையிலுள்ள விசையை அணைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நீர் புழங்கும் இவ்விடத்து இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை ஒன்றை அமைத்துக்கொள்வது நலம். எங்கள் அறையில் அது செடிகளுக்கு முன்னமே வந்துவிட்டது. அதற்காக நிர்வாகச் சகோதரியாருக்கு நன்றி.

இனிப் புதிதாகக் குழல்விளக்கு வாங்குவது தகுமா? பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, இத்தகைய குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்திவிடத் தீர்மானித்தன. எனவே நாங்களும் குழல்கள் பழுதாகப் பழுதாக, எல்.இ.டி. குழல்களுக்கு மாறி வருகிறோம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில எல்.இ.டி. குழல்களைப் பழைய சோக்கோடு சேர்த்தே மாட்டலாம். ஸ்டார்ட்டரின் இடத்தில் அவர்கள் தரும் துண்டைச் செருகினால் போதும். எளிது என்றாலும், சோக்கு இருக்கும் வரை முனகலும் இருக்கக்கூடும். மின் பணியாளரைக் கொண்டு சோக்கை அகற்றி நேரிணைப்புக் கொடுப்பதையே நாங்கள் விரும்புகிறோம். அவ்வாறு மாற்றிய பட்டியின்மேல், 'சோக்கு இல்லை. சாதாரணக் குழல் மாட்டாதீர்' என்று எழுதி ஒட்டிவிட வேண்டும்.

கழற்றிய பழைய குழல்கள் ஐந்தையும் குப்பைத் தொட்டியில் எறியவில்லை. உடைந்தால் பாதரச ஆவி வெளிப்படும். புதுக் குழல்கள் வந்த அட்டை உறைகளிலேயே அவற்றை இட்டு, மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பதற்காக ஆய்வுக்கூட அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்துள்ளோம்.